நோட்டர் டேமா, ஜார்ஜ்டவுனா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கை முடிவுகள் மார்ச் கடைசியில் வெளிவரும். எங்கே சேர்கிறோம் என்பதை மே 1-க்குள் சொல்லிவிட வேண்டும். இடைப்பட்ட ஏப்ரல் முழுக்கச் சில வீடுகளில் ஒரே பேச்சுதான்: நோட்டர் டேமா, ஜார்ஜ்டவுனா? இரண்டும் அமெரிக்காவில் பெரிய பெயர் பெற்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள். முன்னது இந்தியானா மாநிலத்தில், பின்னது தலைநகர் வாஷிங்டனில். விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. இரண்டிலும் இடம் கிடைத்த பிள்ளையின் பெற்றோர், இனிப்பு வாங்கிக் கொடுத்த கையோடு திறப்பது தரவரிசைப் பட்டியலைத்தான்.

அங்கே விடை கிடைக்காது. இரண்டுமே ஆண்டுதோறும் இருபதாம் இடத்தை ஒட்டித்தான் நிற்கின்றன. நோட்டர் டேம் பெரும்பாலும் இரண்டு மூன்று இடம் முன்னால் இருக்கும், அவ்வளவுதான். கட்டணமும் துணைக்கு வராது. விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இரண்டிலும் ஆண்டுச் செலவு எண்பதாயிரம் டாலரைத் தாண்டிவிடுகிறது. இரண்டிலும் இறையியல் கட்டாயப் பாடம். முதல் மூன்று ஆண்டுகள் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்பதும் இரண்டிலும் விதி. தாளில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் தெரியும்.

ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் நான்கு ஆண்டு இருந்துவிட்டு வருபவர்கள் ஒரே மாதிரி ஆட்களாக வருவதில்லை. அது ஏன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

ஜார்ஜ்டவுனை நடத்துவது இயேசு சபை. தமிழர்களுக்கு இந்தச் சபையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. திருச்சி புனித வளனார் கல்லூரி, பாளையங்கோட்டை சேவியர்ஸ், சென்னை லயோலா எல்லாம் இவர்கள் தொடங்கியவைதான். நோட்டர் டேமை நடத்தும் திருச்சிலுவைச் சபை வேறு. பிரான்சின் லெ மான் நகரில் 1837-இல் பசீல் மொரோ என்ற குருவானவர் தொடங்கிய சிறிய சபை அது. (பெயரை வைத்து ஏமாந்துவிட வேண்டாம். மாசசூசெட்ஸில் இருக்கும் புகழ்பெற்ற ஹோலி கிராஸ் கல்லூரி இயேசு சபையுடையது. திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியை நடத்தும் அருட்சகோதரிகளின் சபையும் வேறு.)

ஜார்ஜ்டவுன் 1789-இல் தொடங்கியது. ஜார்ஜ் வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவியேற்ற அதே ஆண்டு. நாட்டின் தலைநகர் எங்கே அமையும் என்று முடிவாகும் முன்பே பொட்டாமக் ஆற்றை ஒட்டிய மேட்டில் இந்தக் கல்லூரிக்கு இடம் பார்த்துவிட்டார்கள். நிறுவியவர் ஜான் கரோல், அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஆயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு: அப்போது இயேசு சபை என்ற ஒன்றே சட்டப்படி இல்லை. 1773-இல் போப்பாண்டவர் அதைக் கலைத்திருந்தார். 1814-இல்தான் மீண்டும் உயிர் வந்தது. ஆக, 'அமெரிக்காவின் மிகப் பழைய இயேசு சபைப் பல்கலைக்கழகம்' என்று இன்று சொல்லிக்கொள்ளும் இடத்தைத் தொடங்கியவர் ஒரு முன்னாள் இயேசு சபையினர்.

கரோல் குடும்பம் சாதாரணக் குடும்பம் அல்ல. மேரிலாந்தில் தலைமுறை தலைமுறையாக நிலபுலன் வைத்திருந்த கத்தோலிக்கப் பிரபுக்கள். அவருடைய அண்ணன் டேனியல் அமெரிக்க அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டவர். நாட்டை உருவாக்கியவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பழகிய குடும்பம் அது. எனவே எந்த மதத்து மாணவரும் சேரலாம் என்று தொடக்கத்திலேயே அறிவிப்பதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆட்சியாளர்களின் பக்கத்தில் இருந்து, அவர்களோடு பேசி, தேவைப்பட்டால் வாதாடி, தங்கள் இடத்தைப் பிடிப்பதுதான் அவர்கள் வழி. அந்தப் பழக்கம் ஜார்ஜ்டவுனை விட்டு இன்றுவரை போகவில்லை.

நோட்டர் டேமின் தொடக்கம் இதற்கு நேர்மாறு. 1842 நவம்பர் கடைசியில், பனி மூடிக் கிடந்த வடக்கு இந்தியானாவில், எட்வர்ட் சொரான் என்ற 28 வயது பிரெஞ்சுக் குருவானவர் சில சகோதரர்களோடு வந்து இறங்கினார். ஏரிக்கரையில் கொஞ்சம் காட்டு நிலம், ஒரு மரக்கட்டைக் கோயில். அவ்வளவுதான் சொத்து. 1844-இல் மாநில அரசு பட்டயம் கொடுத்தது. (அதே 1844-இல்தான் நாகப்பட்டினத்தில் இயேசு சபையினர் ஒரு கல்லூரி தொடங்கினார்கள், பின்னால் திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரி அதுதான்.) 1879 ஏப்ரலில் நோட்டர் டேமின் பிரதானக் கட்டடம் எரிந்து சாம்பலானது. அப்போது அறுபதைத் தாண்டியிருந்த சொரான், முன்னைவிடப் பெரிதாகக் கட்டுவோம் என்று சொல்லி வேலையைத் தொடங்கி, செப்டம்பரிலேயே வகுப்புகளைத் திறக்க வைத்தார். இன்று தொலைவிலிருந்தே மின்னும் தங்கக் கூரையும், அதன் உச்சியில் நிற்கும் மாதா சிலையும் அந்தத் தீக்குப் பிறகு வந்தவைதான்.

இங்கே படிக்க வந்தவர்கள் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அல்ல. ஐரிஷ், ஜெர்மன், போலிஷ், இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள் திரளாக வந்தார்கள். கத்தோலிக்கர்கள் போப்பாண்டவருக்குத்தான் விசுவாசம், நாட்டுக்கு இல்லை என்று அமெரிக்கப் பெரும்பான்மை சந்தேகப்பட்ட காலம் அது. 1920-களில் இந்தியானா மாநில அரசியலையே கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு ஆட்டிப் படைத்தது. 1924 மே மாதம் அவர்கள் நோட்டர் டேமை ஒட்டிய சவுத் பெண்ட் நகரில் ஊர்வலம் நடத்த வந்தபோது நோட்டர் டேம் மாணவர்கள் தெருவில் இறங்கி மோதினார்கள்.

அமெரிக்கக் கால்பந்தாட்டம் வெறும் விளையாட்டாக இல்லாமல் போனதும் இந்தக் காலத்தில்தான். நூட் ராக்னி என்ற நார்வே நாட்டுக்காரர் 1918 முதல் 1930 வரை பயிற்சியாளராக இருந்தார். பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சில ஆட்டத்துக்கு அழைக்கவே மறுத்ததால், அணி ரயிலேறி நாடு முழுக்கப் போய் ஆடியது, ஜெயித்தும் வந்தது. நியூயார்க், சிகாகோ சேரிகளில் இருந்த, கல்லூரி வாசலையே மிதிக்காத கத்தோலிக்கத் தொழிலாளிகள் 'இது நம்ம டீம்' என்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நியூயார்க்கில் பாதாள ரயில் பிடித்து ஆட்டம் பார்க்க வந்த இவர்களுக்கு 'பாதாள ரயில் பழைய மாணவர்கள்' என்றே பெயர் வந்தது. இன்றும் நோட்டர் டேமின் உள்ளூர் ஆட்டங்களுக்கென்று ஒரு தேசியத் தொலைக்காட்சி தனி ஒப்பந்தம் வைத்திருக்கிறது, 1991-லிருந்து. ஒரே பல்கலைக்கழகத்துக்கு இப்படி ஒப்பந்தம் அமைவது அரிது.

ஆக, ஒன்று அதிகாரத்துக்குள் இருந்தவர்கள் கட்டியது. இன்னொன்று வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. நான்கு ஆண்டில் ஒரு மாணவருக்கு நேரப்போகும் பல விஷயங்களுக்கு வேர் இதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

உள்ளே இருந்ததற்கு ஜார்ஜ்டவுன் கொடுத்த விலையும் உண்டு. அதைச் சொல்லாமல் நகர முடியாது. மேரிலாந்து இயேசு சபையினர் தோட்டங்கள் வைத்திருந்தார்கள், அடிமைகளும் வைத்திருந்தார்கள். 1838-இல் கடனில் தத்தளித்தபோது, சபை மாநிலத் தலைவரும் ஜார்ஜ்டவுனின் முன்னாள் தலைவருமான தாமஸ் மல்லடி 272 ஆண்கள், பெண்கள், குழந்தைகளை 1,15,000 டாலருக்கு லூசியானாத் தோட்ட முதலாளிகளுக்கு விற்க ஏற்பாடு செய்தார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கல்லூரியின் கடனை அடைத்தது. அதே கல்லூரிக்கு 1874 முதல் 1882 வரை தலைவராக இருந்த பாட்ரிக் ஹீலி, ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். தந்தை ஐரிஷ் தோட்ட முதலாளி. வாழ்ந்த காலத்தில் அவரைப் பெரும்பாலும் வெள்ளையராகவே ஊர் எண்ணியது. இன்று வளாகத்தின் முகப்பாக நிற்கும் கோபுரக் கட்டடம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

2015-இல் மாணவர்கள் போராடிய பின் மல்லடியின் பெயர் ஒரு கட்டடத்திலிருந்து நீக்கப்பட்டது. 2017-இல் அதற்கு ஐசக் ஹாக்கின்ஸ் என்ற பெயர் வைத்தார்கள். விற்பனைப் பட்டியலில் முதலாவதாக இருந்தவர் அவர். பல்கலைக்கழகமும் சபையும் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கேட்டன. அவர்களுக்குச் சேர்க்கையில் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குரிய முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. 2019-இல் மாணவர்களே தங்கள் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையை வழித்தோன்றல்களுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வாக்களித்தார்கள். 2021-இல் அமெரிக்க இயேசு சபையினர் பத்துக் கோடி டாலர் திரட்டுவதாக உறுதி அளித்தார்கள். போதுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தன் கல்லூரியின் பாவக்கணக்கை வகுப்பறையில் வைத்துப் பேசுவது ஜார்ஜ்டவுனில் படிப்பின் ஒரு பகுதி. நோட்டர் டேமும், பூர்வகுடிகளை இழிவாகக் காட்டுகின்றன என்று விமர்சிக்கப்பட்ட கொலம்பஸ் சுவரோவியங்களைத் தன் பிரதானக் கட்டடத்தில் மூடி வைத்தது. ஆனால் இந்த அளவுக்கு அங்கே எதுவும் போனதில்லை.

இரண்டின் குணமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தது 2009-இல். அந்த ஏப்ரலில் அதிபர் ஒபாமா பொருளாதாரம் பற்றிப் பேச ஜார்ஜ்டவுன் வந்தார். மேடைக்குப் பின்னால் இயேசுவின் திருப்பெயரைக் குறிக்கும் எழுத்துச் சின்னம் இருந்தது. பின்னணி வெறுமையாக இருக்கட்டும் என்று வெள்ளை மாளிகை கேட்டுக்கொண்டது. பல்கலைக்கழகம் அதை மறைத்துக் கொடுத்தது. கத்தோலிக்கப் பத்திரிகைகள் கொஞ்ச நாள் கொதித்தன, அப்புறம் அடங்கிவிட்டது. மே மாதம் அதே ஒபாமா நோட்டர் டேமின் பட்டமளிப்பு விழாவுக்கு வந்தார், கௌரவ டாக்டர் பட்டம் வாங்க. கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவருக்கு மாதா பெயரில் உள்ள பல்கலைக்கழகம் (நோட்டர் டேம் என்றால் பிரெஞ்சில் 'நம் மாதா') எப்படிப் பட்டம் தரலாம் என்று நாடே இரண்டுபட்டது. பல்கலைக்கழகம் இருக்கும் மறைமாவட்டத்தின் ஆயர் ஜான் டார்சி விழாவுக்கு வர மறுத்தார். பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த விருதை அன்று பெற வேண்டியிருந்த ஹார்வர்ட் சட்டப் பேராசிரியர் மேரி ஆன் கிளெண்டன் விருதே வேண்டாம் என்றார். தலைவர் ஜான் ஜென்கின்ஸ் பின்வாங்கவில்லை, விழா நடந்தது.

இதைக் கேட்கிறவர்கள் பலர், நோட்டர் டேம் பழமைவாதம், ஜார்ஜ்டவுன் முற்போக்கு என்று முடித்துவிடுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜார்ஜ்டவுன் என்ன செய்தாலும் அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். நோட்டர் டேம் செய்தால் தங்கள் வீட்டுக்குள் நடந்தது மாதிரி துடிப்பார்கள். அங்கே இருப்பவர்களும் அப்படித்தான் உணர்கிறார்கள். 2012-இல் நிறுவனங்கள் தரும் மருத்துவக் காப்பீட்டில் கருத்தடையும் சேர வேண்டும் என்ற விதி வந்தபோது நோட்டர் டேம் மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டது. அதே விவகாரத்தில் காப்பீடு வேண்டும் என்று பேசிய ஜார்ஜ்டவுன் சட்ட மாணவி சான்ட்ரா ஃப்ளூக்கை வானொலிக்காரர் ஒருவர் கேவலமாகத் திட்டியபோது, ஜார்ஜ்டவுனின் தலைவர் ஜான் டிஜோயா அவர் சார்பில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவருடைய கருத்தை ஏற்கிறேன் என்று அல்ல, மரியாதையாகப் பேசியவரை மரியாதையாக நடத்துங்கள் என்று. அதற்காக அப்போது மாணவர் காப்பீட்டில் கருத்தடை சேர்ந்துவிடவில்லை. விவாதத்தை உள்ளே அனுமதி, விதியை மாற்றாதே என்பது ஜார்ஜ்டவுன் பாணி.

இந்த டிஜோயா ஒரு குருவானவர் அல்ல. 2001-இல் அவர் பதவியேற்றபோது, அமெரிக்க இயேசு சபைப் பல்கலைக்கழகம் ஒன்றின் தலைவரான முதல் பொதுநிலையினர் அவர்தான். நோட்டர் டேமில் இன்றும் தலைவர் திருச்சிலுவைச் சபைக் குருவாகத்தான் இருக்க வேண்டும். 2024-இல் பொறுப்பேற்ற ராபர்ட் டவுடும் அப்படியே. நிர்வாகம் என்று பார்த்தால் 1967-லேயே நோட்டர் டேம் பொதுநிலையினர் பெரும்பான்மையாக உள்ள அறங்காவலர் குழுவின் கைக்குப் போய்விட்டது. 35 ஆண்டுகள் தலைவராக இருந்த தியோடர் ஹெஸ்பர்க் செய்த வேலை அது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு உண்மையான சுயாட்சியும் கல்விச் சுதந்திரமும் வேண்டும் என்று கத்தோலிக்கக் கல்வியாளர்கள் சேர்ந்து வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையும் அதே ஆண்டு அவர் கூட்டிய கூட்டத்தில் பிறந்ததுதான். பழமைவாதம் என்ற முத்திரை நோட்டர் டேமுக்குப் பொருந்தாமல் போகும் இடங்களில் இது ஒன்று.

சரி, அங்கே போய் வாழும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? முதலில் விடுதியில்.

நோட்டர் டேமில் ஆண்கள் விடுதி தனி, பெண்கள் விடுதி தனி. எந்த விடுதி, யார் அறைத்தோழர் என்பதை முதலாண்டு மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது, பல்கலைக்கழகம் ஒதுக்கும். பெரும்பாலானவர்கள் அதே விடுதியில் மூன்று ஆண்டும் இருப்பார்கள். ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு சிற்றாலயம், ஒரு கொடி, ஒரு சின்னம், வளாகத்தில் அதற்கென்று ஒரு பேர். குருவானவரோ கன்னியரோ பொதுநிலையினரோ, பொறுப்பாளர் ஒருவர் அங்கேயே குடியிருப்பார். எதிர்பாலினத்தவர் வார நாளில் நள்ளிரவுக்குள்ளும் வார இறுதியில் இரண்டு மணிக்குள்ளும் கிளம்பிவிட வேண்டும். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு இயங்கும் ஃப்ரெட்டர்னிட்டி என்ற மாணவர் சங்கங்கள் அங்கே கிடையாது. விடுதியே அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஞாயிறு இரவு விடுதிப் பூசைக்கு அரைக்கால் சட்டையோடு இறங்கி வரும் கூட்டத்தில் நம்பிக்கை தளர்ந்தவர்களும் இருப்பார்கள். மாணவர்களில் ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கர். பரீட்சை நேரத்தில் லூர்து மாதா கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகாதவர்களைத் தேட வேண்டியிருக்கும்.

நம் ஊர்ப் பெற்றோர்களில் பலருக்கு இதைக் கேட்டதும் நிம்மதி பிறக்கும் என்று தெரியும். நான் ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்வேன்: இந்த ஏற்பாடு கட்டுப்பாட்டுக்காக மட்டும் இல்லை, ஒட்டுறவுக்காகவும். அதில் ஒட்டுகிற பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க உறவு கிடைக்கிறது. ஒட்டாத பிள்ளைக்கு ஒதுங்கிப் போக அந்த ஊரில் அதிக இடமில்லை. சவுத் பெண்ட் சிறிய ஊர். ஸ்டூடிபேக்கர் கார் தொழிற்சாலை 1963 டிசம்பரில் மூடியபிறகு பல ஆண்டுகள் சுருண்டு கிடந்து, இப்போதுதான் கொஞ்சம் எழுந்து நடக்கிறது. சிகாகோவுக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மிச்சிகன் ஏரியின் புண்ணியத்தில் குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்க்கும்.

ஜார்ஜ்டவுனில் மூன்று ஆண்டு விடுதி விதி இருந்தாலும் அது இடநெருக்கடியோடும், அண்டை வீட்டாரின் புகார்களோடும் தொடர்புடையது. வளாகம் நூறு ஏக்கரைச் சற்றுத் தாண்டும். நோட்டர் டேமோ ஆயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல். ஜார்ஜ்டவுன் மாணவரின் வாழ்க்கை வளாக வாசலுக்கு வெளியே இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். செவ்வாய் காலை வகுப்பு, மதியம் ஒரு செனட்டர் அலுவலகம், மாலை உலக வங்கியில் ஒரு கருத்தரங்கு. (மெட்ரோ ரயில் மட்டும் அந்தப் பகுதிக்கு வராது, பாலம் தாண்டி ராஸ்லின் போக வேண்டும்.) இங்கே கத்தோலிக்கர்கள் ஏறத்தாழப் பாதி, அல்லது அதற்கும் குறைவு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே முதன்முதலாக முழுநேர முஸ்லிம் இமாமை 1999-இல் நியமித்தது இந்த இயேசு சபைப் பல்கலைக்கழகம்தான். யூத ரபி அதற்கு முன்பே உண்டு. இந்து மாணவர்களுக்கு ஆன்மிக ஆலோசகரும், தர்மாலயா என்று வழிபாட்டு இடமும் உண்டு. தீபாவளிக்கு எங்கே போவது என்று யோசிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இறையியல் பாடத்திலும் வேறுபாடு தெரியும். ஜார்ஜ்டவுனில் பெரும்பாலோர் எடுக்கும் முதல் பாடத்தின் பெயரே 'கடவுள் என்னும் சிக்கல்'. அதை நடத்துபவர் இந்து சமய ஆய்வாளராகவும் இருக்கலாம், புத்த சமய ஆய்வாளராகவும் இருக்கலாம். நோட்டர் டேமில் முதல் பாடம் விவிலியமும் திருச்சபைத் தந்தையரும். கேள்வி கேட்கத் தடையில்லை; ஆனால் கேள்வி ஒரு மரபுக்குள்ளிருந்து எழும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஜார்ஜ்டவுன்தான் சரி என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். அப்படித் தோன்றவில்லை எனக்கு. ஒரு மரபை முழுதாக, அதை வாழ்கிறவர்களோடு இருந்து பார்க்க விரும்பும் வேற்றுமதப் பிள்ளைக்கு நோட்டர் டேம் தரும் அனுபவம் அரிது.

இனி படிப்பு. இங்கே விவாதமே தேவைப்படாத ஒரு விஷயம்: ஜார்ஜ்டவுனில் பொறியியல் கல்லூரி கிடையாது. கணினி அறிவியல் உண்டு. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஏரோஸ்பேஸ் எதுவும் இல்லை. நோட்டர் டேமில் 1873-லிருந்தே பொறியியல் இருக்கிறது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த ஜூலியஸ் நியூலாண்ட் என்ற குருவானவரின் அசெட்டிலீன் ஆராய்ச்சிதான் நியோப்ரீன் செயற்கை ரப்பருக்கு வழி திறந்தது. கட்டடக்கலையும் உண்டு, ஐந்தாண்டுப் படிப்பு, மூன்றாம் ஆண்டு முழுக்க ரோமில். 'இன்ஜினியரிங்கா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை' என்கிற பிள்ளை ஜார்ஜ்டவுனைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கதவு அன்றே மூடிவிடுகிறது. அதோடு, ஜார்ஜ்டவுனில் விண்ணப்பிக்கும்போதே பல்கலைக்கழகத்துக்குள் எந்தப் பள்ளியில், அதாவது எந்தத் துறைக் கல்லூரியில், சேர வேண்டும் என்று சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டும். நோட்டர் டேமில் வணிகக் கல்லூரிக்குத்தான் இடவரம்பு கெடுபிடி அதிகம்.

வெளியுறவு, தூதரகம், சர்வதேச அரசியல் என்றால் நிலைமை தலைகீழ். எட்மண்ட் வால்ஷ் என்ற இயேசு சபைக் குரு 1919-இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய வெளியுறவுப் பள்ளி, அமெரிக்க அரசின் வெளியுறவுப் பணி என்ற அமைப்பே 1924-இல்தான் உருவானது என்பதைப் பார்த்தால், அரசுக்கும் முந்தியது. பில் கிளிண்டன் 1968-இல் அங்கே பட்டம் பெற்றார், அவர் கத்தோலிக்கர் அல்ல, பாப்டிஸ்ட். ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பே அங்கேதான் முதுகலை படித்தார். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த மேடலின் ஆல்பிரைட் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். நோட்டர் டேமும் 2017-இல் கியோ உலக விவகாரப் பள்ளியைத் திறந்தது. அமைதி ஆய்வில் அதன் குரோக் நிறுவனம் உலகப் பெயர் பெற்றது. ஆனால் தலைநகரின் நடுவில் நூறாண்டு வேரூன்றிய பள்ளியோடு போட்டி போட அதற்கு இன்னும் காலம் வேண்டும்.

இந்த இடத்தில் இந்தியாவிலிருந்து நேராக விண்ணப்பிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய ஒன்று, எந்தத் தரவரிசையிலும் இருக்காது. ஜார்ஜ்டவுனின் பெரிய பலம் வாஷிங்டன். ஆனால் வெளியுறவுத் துறையில் பயிற்சி மாணவராகச் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். மத்திய அரசின் பல அலுவலகங்களிலும் இதே நிலைதான். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்குத் திறக்கும் கதவுகளில் பாதி, மதுரையிலிருந்து மாணவர் விசாவில் போகும் பெண்ணுக்குத் திறக்காது. ஆய்வு நிறுவனங்களும் உலக வங்கி போன்ற இடங்களும் மிஞ்சும். குறைவில்லைதான், ஆனால் போட்டி கடுமை. படிப்பு முடித்தபின் மாணவர் விசாவில் வேலை பார்க்க இப்போதைய விதிப்படி 12 மாதம் அனுமதி உண்டு. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டமானால் மேலும் 24 மாதம் கிடைக்கும். சர்வதேச அரசியல் பட்டத்தில் பெரும்பாலும் அந்த நீட்டிப்பு இல்லை. கடன் வாங்கிப் படிக்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டு ஆண்டு வித்தியாசம் கடனை அடைப்பதற்கும் அடைக்க முடியாமல் ஊர் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசமாகக்கூட ஆகலாம்.

பணத்தில் இடைவெளி இன்னும் பெரிது. நோட்டர் டேமின் நிதிக்களஞ்சியம் 1,600 கோடி டாலருக்கு மேல். ஜார்ஜ்டவுனுடையது 300 கோடி டாலரைத் தாண்டியது. ஜார்ஜ்டவுன் இருக்கும் இடத்தையும் பேரையும் பார்த்து அது பணக்காரப் பல்கலைக்கழகம் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். பழைய மாணவர்களின் பாசம்தான் காரணம். கால்பந்தாட்டச் சனிக்கிழமைகளில் எழுபத்தேழாயிரம் பேர் அமரும் அரங்கத்துக்குத் தாத்தா, அப்பா, பிள்ளை என்று வந்து போகும் குடும்பங்கள் கொட்டிக் கொடுத்தது அது.

அந்தப் பணம் இப்போது சேர்க்கைக் கொள்கையில் பேசுகிறது. 2024 செப்டம்பரில், ராபர்ட் டவுட் முறைப்படி பதவியேற்ற நாளில் ஒரு முக்கிய அறிவிப்பு வந்தது: இளநிலை மாணவர்களைச் சேர்க்கும்போது குடும்பத்தின் பணவசதியைப் பார்க்கமாட்டோம், வெளிநாட்டு மாணவர்களுக்கும் இது பொருந்தும், தேவைப்படும் உதவியைக் கடன் இல்லாமல் கொடுப்போம் என்று. அமெரிக்காவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு இப்படிச் சொல்லும் பல்கலைக்கழகங்களை விரல் விட்டு எண்ணலாம். ஜார்ஜ்டவுன் அமெரிக்க மாணவர்களுக்குத் தேவைக்கேற்ற உதவி தருகிறது. அதில் கடனும் சேர்ந்திருக்கும். திறமைக்கான உதவித்தொகை என்பது கிட்டத்தட்ட இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கான உதவி மிகக் குறைவு. ஆக, தமிழ்நாட்டிலிருந்து போகும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி தேவையே இல்லாமல் போகலாம். நோட்டர் டேம் உதவி கொடுத்தால் நோட்டர் டேம்.

அமெரிக்காவிலேயே வளர்ந்து, பணம் பெரிய தடையாக இல்லாத குடும்பங்களில்தான் உண்மையான தேர்வு மிஞ்சுகிறது. பிள்ளைக்கு அரசியலிலோ வெளியுறவிலோ ஏற்கெனவே தீ பிடித்திருந்தால் நான் ஜார்ஜ்டவுன் பக்கம் சாய்வேன். என்ன படிப்பது என்றே தெரியவில்லை, ஆனால் நண்பர்கள் கூட்டம் வேண்டும், ஒரு ஊரைச் சேர்ந்தவன் என்ற உணர்வு வேண்டும் என்கிற பிள்ளைக்கு நோட்டர் டேம். பழைய மாணவர் வலைப்பின்னல் இரண்டுக்கும் பலம்தான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. சிகாகோவில் ஒரு நிதி நிறுவனத்தில் நோட்டர் டேம் மோதிரம் போட்டவர் இன்னொரு மோதிரத்தைப் பார்த்ததும் எந்த விடுதி என்று கேட்பார். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன்காரர் இன்னொருவரைப் பார்த்தால் எந்த அலுவலகத்தில் இருக்கிறாய் என்று கேட்பார்.

ஏப்ரலில் இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்க்கை கிடைத்தவர்களை அழைத்து வளாகத்தைச் சுற்றிக் காட்டும். அந்த நாட்களில் வெயிலும் பூக்களும் எல்லாரையும் மயக்கும். முடிந்தால் சுற்றுலாக் குழுவை விட்டு விலகி, வளாகத்தில் படிக்கும் கத்தோலிக்கர் அல்லாத மாணவர் ஒருவரிடம் பிப்ரவரி மாத வெள்ளிக்கிழமை இரவு என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் உதவித்தொகைக் கடிதங்களில் கடன் எவ்வளவு, திருப்பித் தர வேண்டாத தொகை எவ்வளவு என்று பிரித்து நான்கு ஆண்டுக்கும் கணக்குப் போடுங்கள். உதவி ஆண்டுதோறும் குடும்ப வருமானத்தை வைத்து மறுபடி கணக்கிடப்படும். மூத்த பிள்ளை படிப்பை முடிக்கும் ஆண்டில் தொகை மாறுமா என்பதை நிதி உதவி அலுவலகத்திடம் மே 1-க்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.